லேஞ்சி போட்ட கதிரை

ஜக்சனுடைய கதிரையில் முதல் நாள் இருந்தது அவனுடைய அப்பா முகம் துடைக்கிற லேஞ்சி. இரண்டாம் நாள் இருந்தது அவனுடைய அம்மா.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் படகு எஞ்சின் திருத்தும் வகுப்பு நடந்தது. ஆறு மாதப் பயிற்சி, முடிந்ததும் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கும் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய வகுப்பு. ஆசிரியை நிருஜா ஸ்கூட்டியிலேயே குச்சவெளி வரை வந்து, ஜக்சனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பிக்கொண்டு போயிருந்தாள்.

"புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள வந்து கையெழுத்து வைக்கோணும் ஜக்சன். இல்லாட்டி பேர் வெட்டுப்படும். உங்களுக்குப் பின்னால இருபது பேர் நிக்கினம்."

"ஓம் மிஸ்" என்றவன், திங்கட்கிழமை விடிந்ததும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் அவனை இரண்டு தரம் கைவிட்டது. இரண்டாம் தரம் முடிவு வந்த அன்று சந்திக் கடையில் நின்ற பெடியள் சிரித்த சிரிப்பு, பதினான்கு மாதமாக அவன் காதை விட்டுப் போகவில்லை. அந்தச் சந்தியை அதற்குப் பிறகு அவன் தாண்டவும் இல்லை. மாமாவின் படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிப் பூட்டுவான். ஆனால் பத்துப் பேர் நடுவில் யாராவது ஒரு கணக்கைக் கேட்டுவிட்டால்?

அப்பா அஞ்சலோ குச்சவெளி பஸ்ஸில் கொண்டக்டர். ஜன்னலுக்குள்ளால் லேஞ்சியைப் போட்டால் சீட் போட்டவருக்கு என்பது அவருக்குத் தெரிந்த பெரிய சட்டம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு சீட்டைப் பிடித்துக் கொடுத்துத்தான் இன்பமலரைக் கலியாணம் கட்டினார். அதனால் திங்கட்கிழமை பஸ் நின்ற பத்து நிமிடத்துக்குள் கொட்டகைக்கு ஓடி, மகனுடைய கதிரையில் தன் கட்டம் போட்ட லேஞ்சியை விரித்தார்.

"ஐயா, இது பஸ் இல்ல" என்றாள் நிருஜா.

"சீட் சீட்தானே மிஸ். ஆள் வாறான்."

ஆள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இன்பமலர் சேலையை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். "லேஞ்சி கையைத் தூக்கி வந்திருக்கிறன் எண்டு சொல்லாது. நான் போய் இருக்கிறன்."

பின்னேரம் கன்னத்தில் கறுப்புக் கோட்டோடு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய எஞ்சின் பிளக்கை வைத்தாள்.

"மிஸ் என்னை வெளியில கலைக்கேல்ல. கதிரையில இருக்கிறதெண்டா வேலையும் செய்யோணுமாம். நாளைக்கு என்ர முறை. நானே ஒயில் கலந்து, நானே கயிறை இழுத்து ஸ்டார்ட் பண்ணோணும்."

அஞ்சலோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சாருமப்பா, உம்மட கையில பெற்றோல் மணக்குது."

"மணந்தா என்ன?"

"நல்லாத்தான் இருக்குது."

"சும்மா இருங்கோ, பெடியன் கேட்கப்போறான்!"

பெடியன் கேட்டான். தலையணையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அந்தோனியாரே, என்னைக் காப்பாற்றும்" என்றான்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்குப் பசி ஜக்சனைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு வந்தது. பிட்டைக் குழைத்து ஒரு வாய் வைத்தவன், சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் கண்டான். அம்மாவின் குண்டு எழுத்து.

*5 லீற்றர் பெற்றோல். 1 லீற்றர் ஒயில். பாடமாக்கவும்.*

பிட்டு தொண்டையில் நின்றது. ஐம்பதுக்கு ஒன்று அல்லவா! ஐந்து லீற்றருக்கு நூறு மில்லி. இது எஞ்சினுக்கு ஊற்றுகிற ஒயிலா, வடை சுடுகிற எண்ணெயா? அம்மா கயிற்றை இழுத்தால் துறைமுகமே புகையில் மறைந்துபோகும். எல்லோரும் சிரிப்பார்கள். அவனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, இப்போது அம்மாவைப் பார்த்து.

போன் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் போன்களைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும் என்று அம்மா நேற்றுச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கையைக்கூடக் கழுவாமல், கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். சந்தியைத் தாண்டியதை, தாண்டிய பிறகுதான் கவனித்தான்.

ஒன்பதரை பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியபடி அஞ்சலோ, "நிலாவெளி, உப்புவெளி, திருகோணமலை" என்று கூவிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் உப்புவெளியோடு குரல் நின்றுவிட்டது.

"அப்பா, அம்மா ஒயில பிழையா எழுதிட்டா! கெதியாப் போகோணும்!"

அஞ்சலோ சாரதிக்குக் கேட்கும்படி பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "சின்னராசா அண்ணன், அடியுங்கோ!"

முன் சீட்டில் இருந்த மீன்காரி அன்னலட்சுமி திரும்பிப் பார்த்தாள். "இது அஞ்சலோவின்ர மகன்தானே? நான் உன்னை வெளிநாட்டில எண்டெல்லோ நினைச்சனான்!"

"இல்ல அக்கா, வீட்டிலதான்."

"அதுக்கு ஏன் தம்பி சேட்டை மறுபக்கமாப் போட்டிருக்கிறாய்?"

பஸ் முழுவதும் சிரித்தது. இறங்குவதற்கு மணி அடிக்க வந்த ஒருவரை அன்னலட்சுமி தடுத்தாள். "கொஞ்சம் பொறுங்கோ, தாய்க்காரிய எஞ்சினுக்குள்ளால மீட்கோணும்." அவரும் அதுதான் நியாயம் என்பதுபோல இன்னும் இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கினார்.

கொட்டகையைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைப் புகை கூரைக்கு மேலாகக் கிளம்பி, அப்படியே இறங்குதுறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா! நூறு மில்லி!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தான்.

புகைக்குள் இருந்து பதினான்கு முகங்கள் திரும்பின. நடுவில் இன்பமலர், சேலையை இடுப்பில் செருகி, முகம் முழுக்கக் கரியோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைவிட அவள் சிரிப்புத்தான் பெரிது.

"வந்திட்டியா மகன்? பார், மிஸ்ஸுக்கு நுளம்பு கடியாமப் புகை போட்டுக் குடுத்தனான்!"

ஒரு பெண்பிள்ளை அவனைக் காட்டினாள். "அண்ணா, உங்கட சேட்…"

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஜக்சன் பதினான்கு மாதம் போர்வைக்குள் கிடந்தான். இப்போது அது வந்தது, அவனைச் சுற்றி ஒரு தரம் போனது, முடிந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குனிந்து தன் சேட்டைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சது காணும்" என்றாள் நிருஜா. "நூறு மில்லி எண்டு கத்தினவர் வந்து செய்து காட்டட்டும்."

அவன் பெற்றோல் தாங்கியை வடித்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். புதிதாகக் கலந்தான். தண்ணீர்ப் பீப்பாவுக்குள் நின்ற எஞ்சினின் கயிற்றை மூன்று தரம் இழுத்தான். மூன்றாம் தரம் அது ஒரு இருமல் இருமிவிட்டுச் சுத்தமாக ஓடத் தொடங்கியது.

"ஏழு லீற்றருக்கு?" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டாள் நிருஜா.

"நூற்று நாப்பது."

"பன்னிரண்டரைக்கு?"

"இருநூற்று அம்பது."

"கணக்கு நல்லா வருதே உங்களுக்கு."

"கணக்கா?" ஜக்சன் திடுக்கிட்டுப் போனான். "இது கணக்கில்ல மிஸ், எஞ்சின்!"

நிருஜா பதிவேட்டை நீட்டினாள். மணி பதினொன்று ஐம்பது. கையெழுத்துக்குப் பக்கத்தில் பிட்டும் ஒயிலும் கலந்த ஒரு பெருவிரல் அடையாளமும் விழுந்தது.

இன்பமலர் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழும்பினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் கை அந்தக் கதிரையின் முதுகை உடனே விடவில்லை.

"அம்மா, பின்னேரம் வந்து எல்லாத்தையும் சொல்லித் தருவன்" என்றான் ஜக்சன்.

"பிளக்கிலயிருந்து தொடங்கோணும். அதுக்குள்ள எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது."

வெளியே ஹோர்ன் அடித்தது. திரும்பும் பஸ் வாசலில் நின்றது. மிதிபலகையில் அஞ்சலோ. ஜன்னலால் எட்டிப் பார்த்த ஜக்சன், கையெழுத்து வைத்தேன் என்று காற்றில் எழுதிக் காட்டினான். அவர் டிக்கெட் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

பஸ்ஸுக்குள் ஒரே சனம், நிற்கவும் இடமில்லை. முன் சீட் மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் கட்டம் போட்ட ஒரு லேஞ்சி விரித்திருந்தது.

"கரியோட வாறனே" என்றாள் இன்பமலர்.

"ஏறுமப்பா" என்றார் அஞ்சலோ. "உமக்குத்தான் போட்டனான்."