நாற்பத்திரண்டு இஞ்சு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஏறிய என்னிடம் டிரைவர், "அக்கா, கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்க" என்றார். எதை ஒடுக்குவது? கடுப்பில் போனை எடுத்துப் படித்தேன். கொழுப்பு உடம்பில் எங்கே போய்த் தங்கும் என்பதில் மரபணுக்களுக்கும் பங்கு உண்டாம். அவற்றில் பல, ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக வேலை காட்டுமாம். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

2
"வைகையில் தண்ணீர் வந்த அன்று முனீஸ்வரி..."

(வேண்டாம். வைகைக்கு இங்கே வேலையில்லை.)

முனீஸ்வரியும் முத்துப்பாண்டியும் இரட்டைப் பிள்ளைகள். அவளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு உடம்பை ஒட்டின கவுன். டெய்லர் மருது இடுப்பை அளந்து நாற்பத்திரண்டு என்றார். அவள் முப்பத்தெட்டு என்று எழுதச் சொன்னாள்.

"மூணு மாசத்துல கொறச்சுருவேண்ணே."

3
இருவரும் சேர்ந்தே பரோட்டாவை விட்டார்கள். முத்துப்பாண்டியின் தொப்பை காணாமல் போனது. முனீஸ்வரிக்குக் கன்னம் ஒட்டியது. இடுப்பு மட்டும் நாற்பத்தொன்றரை.

"ஒளிச்சு வச்சுத் திங்கிறியாடி?" என்றாள் அம்மா.

இங்கே அவளை அழவைக்க நினைத்தேன். ("கண்கள் குளமாகி..." என்பதுவரை எழுதினேன்.) அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒனக்கும் இதே இடுப்புத்தானம்மா. நீ எம்புட்டு ஒளிச்சுத் தின்ன?"

அம்மா சிரித்து முடிக்க நேரமாயிற்று.

4
ரிசப்ஷனுக்கு முந்தின நாள் கவுன் இடுப்பில் ஏறவில்லை. எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். மருது அலட்டிக்கொள்ளாமல் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கத் தையலிலும் துணி மடங்கிக் கிடந்தது.

"நாலு இஞ்சு உள்ள விட்டிருக்கேன்த்தா. கல்யாணப் பொண்ணுக சொல்ற அளவ எழுதிக்குவேன், நம்ப மாட்டேன். ஒங்கம்மாளுக்கு நைட்டி தச்சவன் நான்."

முனீஸ்வரி அப்போதுதான் அழுதாள். நான் தடுக்கவில்லை.

5
முதல் முடிவு: கவுன் கச்சிதமாகப் பொருந்தியது. ஜோராக நின்றாள். இதோடு முடித்திருக்கலாம்.

ஆனால் முத்துப்பாண்டியின் பேண்ட் இருக்கிறதே. போன வாரம் தைத்தது. "இனிமே இதான்ணே என் அளவு" என்று அவன் சொன்னதை, ஆம்பளை சொல்கிறானே என்று மருது அப்படியே நம்பிவிட்டார். உள்ளே ஒரு நூல்கூட விடவில்லை. மூன்று நாளாக அவன் ஒரு பந்தியையும் தவறவிடவில்லை.

இப்போது மேடையில் தங்கச்சி பக்கத்தில் நிற்கிறான். போட்டோக்காரர், "அண்ணே, நல்லா சிரிங்க" என்கிறார். "சிரிக்காதடா, மூச்சப் பிடி" என்று சொல்லும் முனீஸ்வரிக்கே சிரிப்பு அடங்கவில்லை.

பட்டன் என்ன ஆனது என்று நான் எழுதப்போவதில்லை. என் ஸ்டாப் வந்துவிட்டது. என் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து முடித்துவையுங்கள். தாராளமாகவே உட்காருங்கள், ஒடுங்க வேண்டாம்.