திரும்பி வந்த செட்டு

ரிப்பேர் கடை பிரபாவதி கை வைத்த செட்டு மறுபடி பழுதாகித் திரும்பி வந்ததாகத் திண்டிவனத்தில் பேச்சே கிடையாது. அந்தப் பெருமையை ஊர் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் அதிகம். அதனால்தான் மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த தேவசகாயம், தன் சிடி பிளேயரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மூன்றாவது மாதமும் கடை ஏறியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் அவர் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த செட்டு. மேல்மூடியைத் திறந்து டிஸ்க்கை வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாகியும் குரலில் பிசிறு கிடையாது.

"மாதா பாட்டு வச்சா சுத்துது, அப்பறம் டிஸ்க் இல்லன்னு காட்டுது. உள்ள டிஸ்க் கீதும்மா, என் கண்ணு முன்னால கீது!" என்றார் அவர். மிக்சி ரிப்பேருக்குக் காத்திருந்த கோதண்டபாணி காதைத் தீட்டிக்கொண்டார்.

முதல் தடவை தூசி என்று நினைத்துத் துடைத்துக் கொடுத்திருந்தாள். இரண்டாம் தடவை டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் மங்கியிருந்தது. பழியை உப்புக் காற்றின் மேல் போட்டாள். மூன்றாம் தடவையும் உப்புக் காற்றையே சொன்னால் கேட்பவன் சிரிப்பான்.

தேவசகாயம் வழக்கம்போல் செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை முடியும்வரை நகர மாட்டார். கண்ணை எடுத்தால் நல்ல சாமானை உருவிக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவார்களாம். கூட வந்திருந்த அவர் மனைவி சவுரியம்மாள், "காய் வாங்கினு வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு முட்டியைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.

பிரபாவதி பஞ்சுக் குச்சியால் லென்ஸைத் துடைத்தாள். பழுப்பாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாடை. உப்புக் காற்றில் கற்பூரம் எங்கிருந்து வரும்? அதே வாடை இப்போதுதான் தன்னைக் கடந்து படியிறங்கிப் போனது என்று உறைத்ததும், அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பார்ட்ஸ் கடை வரைக்கும் போயிட்டு வர்றேன் அய்யா. நீங்க செட்ட பாத்துக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

காய்கறிக் கடைகளில் சவுரியம்மாள் இல்லை. பார்ட்ஸ் கடைக்குப் பின்சந்தில், ஒரு தையல் கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. எதிரே தையல் மெஷினில் அவளையே உரித்து வைத்தாற்போல் ஒரு பெண்.

பிரபாவதியைப் பார்த்ததும் கிழவிக்கு முகம் வெளுத்துவிட்டது. மறைத்துப் பேச அவளுக்குத் தெரியவில்லை.

"எம் பொண்ணும்மா, ஷாலினி. புடிச்ச பையன கட்டிக்கினா. மூணு வருஷமா அவ பேர எடுத்தாலே அவுரு குதிக்கிறாரு. நான் எங்க கெளம்பனாலும் தொணைக்கு வர்றேன்னு கூடவே வந்துடறாரு. செட்டு ரிப்பேரானாதான் மனுசன் ஒரு எடத்துல உக்கார்றாரு. அதான் முட்டிக்குத் தேய்க்கிற தைலத்த வெரல்ல தொட்டு..."

பிரபாவதிக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. நீ பேத்தியைக் கொஞ்ச என் பேரைத்தானா கெடுக்க வேண்டும் என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் குழந்தை கிழவியின் காதை எட்டிப் பிடித்து இழுத்தது. கிழவி வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிரபாவதி திரும்பி நடந்தாள்.

கடையில் தேவசகாயம் கோதண்டபாணியிடம் தன் கதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரே பேச்சு சொல்லும்மா. கோளாறு செட்டுலயா, உங் கையிலயா? செட்டுலன்னா இத இங்கயே கடாசிட்டு, எதுத்த கடையில புதுசு ஒண்ணு வாங்கிக்கினு போறேன். இனிமே பஸ்ஸு புடிச்சு அலைய என்னால ஆவாது."

புதுச் செட்டென்றால் பென்டிரைவ் போட்டுக் கேட்பது. அதில் துடைக்க லென்ஸ் கிடையாது, தைலம் தடவவும் இடம் கிடையாது. போன மாதம் கேட்டிருந்தால் அவளே புதுசை வாங்கச் சொல்லியிருப்பாள். கோதண்டபாணி மிக்சியைக் கட்டிப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செட்டு தங்கம் அய்யா. எங் கைதான் சரியில்ல" என்றாள் பிரபாவதி. "மாசம் ஒருவாட்டி எடுத்துக்கினு வாங்க. சரியாவுற வரைக்கும் ஒரு பைசா வேணாம்."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று தேவசகாயம் கோதண்டபாணியின் பக்கம் திரும்பினார். "பொம்பள கையில ரிப்பேரு குடுத்தா இப்பிடித்தான். காசு வேணாம்னு சொல்லுதே, அதனால வுடறேன்."

கோதண்டபாணி எழுந்து, அவசர வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி, மிக்சியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மாலைக்குள் இந்தச் சேதி தெருக்கோடிவரை போய்விடும். பிரபாவதிக்குக் கண் கலங்கியது. குனிந்து, துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தாள்.

"முடிஞ்சுதா? காய் வாங்கப் போனவள வேற இன்னும் காணோம், பேஜாரு" என்று எழுந்தார் தேவசகாயம்.

"உக்காருங்க அய்யா. லென்ஸு இன்னும் காயல. ஒரு மணி நேரமாவது ஆவும்" என்றாள் பிரபாவதி.

லென்ஸ் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.