பதினான்கு நொடியில் திறந்த கல்யாணப் பத்திரிகை

1

கதை எழுதவா நான் திண்டிவனத்தில் ரயில் ஏறினேன்? சட்டைப்பையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு எஸ்.எஸ்.டி. இருந்தது, பழைய ஹார்டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டினால் கம்ப்யூட்டர் பறக்கும். விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் செந்தாமரை அக்காவின் பழைய கம்ப்யூட்டரில் அதை மாட்டப் போனேன், அவ்வளவுதான். திரும்பும்போது கூடவே இந்தக் கதையும் வந்துவிட்டது.

முதல் தொடக்கம்: “மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்...” (பொய். வெயில் கொளுத்தியது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: “அக்காவின் கம்ப்யூட்டர் எழுந்து வரப் பதினோரு நிமிடம் ஆகும்.” இது சத்தியம். இதையே வைத்துக்கொள்வோம்.

2

ஒரு வீட்டுக்குப் பத்திரிகை அடித்தால் அந்த உறவினர் பட்டியலை அக்கா அழிக்கவே மாட்டார். எந்த மாமன் முதலில், எந்தச் சித்தப்பா யாருக்கு அடுத்து என்று பதினைந்து வருடச் சொந்தபந்தம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அதில் கண்டாச்சிபுரம் சின்னதுரையின் பட்டியலும் ஒன்று. மூத்த மகள் கல்யாணத்துக்கு அடித்தது. இப்போது சின்னவள் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம். பழைய பட்டியலில் அவருடைய தம்பி முருகையன் பெயர் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லையில் இரண்டடி வரப்புக்காக அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடமாகிறது. பத்திரிகையில் பெயர் விடுபட்டால் எங்கள் பக்கம் அந்த உறவு அதோடு சரி.

முந்தின நாளே சின்னதுரை அக்காவிடம் வந்து புலம்பியிருக்கிறார். “போட்டா எம் பையன் குதிக்கிறான்மா. போடலன்னா எனக்கு சோறு எறங்கல. நாளைக்கி வந்து சொல்றேன்.”

(சின்னதுரையை வீம்புக்காரராக எழுதத்தான் பார்த்தேன். இரண்டு வரி ஓடியது. அதற்கு மேல் அவர் இடம் கொடுக்கவில்லை.)

3

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்தால், பழைய ஹார்டிஸ்க் மேல் மஞ்சளாக ஒரு மேடு.

“இன்னாக்கா இது?”

“ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம்பா. வெளிய வெச்சா துணி பட்டு அழிஞ்சிடுது. அதான் வருஷா வருஷம் உள்ளயே வெச்சிக்கினு வர்றேன்.”

வைத்தார் சரி, வேறு இடமா கிடைக்கவில்லை? ஹார்டிஸ்க்குக்கு மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு. பக்கத்திலேயே மூடாதே என்று அச்சிட்டிருக்கும். சரியாக அதன் மேல் பதினைந்து ஆயுத பூஜை!

[அடிக்குறிப்பு: கம்ப்யூட்டர் மெக்கானிக் யாராவது படித்தால் சண்டைக்கு வர வேண்டாம். மந்தத்துக்குச் சந்தனம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயசும் ஆகிவிட்டது.]

புதியதைக் கேபிளில் இணைத்து, பழையதை அப்படியே நகல் எடுக்க விட்டேன். அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது. நின்றேவிட்டது.

கதைக்கு ஒரு முடிவு: டிஸ்க் போகிறது, பட்டியல் போகிறது, தம்பியை விட்டதற்குச் சின்னதுரைக்குச் சாக்கு கிடைக்கிறது, அக்கா கடையை...

வேண்டாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எழுதக் கை வரவில்லை.

அறுபத்து நான்கு! எழுபது! தொண்ணூறு! நூறு!

4

மாட்டி முடித்து மூடியை முடுக்கும்போது சின்னதுரை வந்து உட்கார்ந்தார்.

“கம்ப்யூட்டர போடும்மா. அது வர்றதுக்குள்ள யோசிச்சி சொல்லிடறேன்.”

பட்டனை அமுக்கினேன். பதினான்காவது நொடியில் திரை வந்துவிட்டது. நான் கத்தியேவிட்டேன். அக்கா கைதட்டினார்.

“யப்பா! அணைச்சிட்டு இன்னொரு தபா போடு!”

மூன்று தடவை அணைத்துப் போட்டோம். மூன்று தடவையும் பதினான்கு நொடி! எனக்கு அந்தக் கடையிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. அக்கா மவுஸில் ஒரு தட்டு தட்டியதும் பட்டியல் திறந்தது. முருகையன் பெயர் நடுவில் நின்றது.

சின்னதுரைக்கு வேர்த்துவிட்டது. “அதுக்குள்ளயா வந்துடுச்சி?”

சண்டையோடு வருகிறவர்களிடம் அக்கா இத்தனை வருடம் ஒன்றுதான் சொல்வாராம்: “இது எழுந்து வர்றதுக்குள்ள பேசி முடிங்க.” பாதிப் பேர் முடித்தும் இருக்கிறார்கள். இதை அவர் என்னிடம் சொன்னது மூன்றாவது பதினான்கு நொடிக்குப் பிறகு. நான் வேகத்தைக் கொடுத்த சந்தோஷத்தில் ஒரு மனுஷன் யோசிக்கும் நேரத்தைப் பிடுங்கியிருந்தேன்.

5

“இன்னாண்ணா, இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?”

சின்னதுரை போனை எடுத்தார். தம்பி நம்பரை எப்போதோ அழித்துவிட்டார் போல. பத்து எண்ணையும் யோசிக்காமல் அடித்தார்.

“இரும்மா. அவனையே கேட்டுடறேன்.”

முருகையன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அங்கேதானே இருந்தேன். ஆனால் அவரை நான் எழுதப் போவதில்லை. அவர் இடத்துக்கு நீங்கள் வாருங்கள். கொல்லையில் நிற்கிறீர்கள், கையில் மண். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் திரையில் ‘அண்ணன்’ என்று வருகிறது.

மூன்றாவது ரிங் போகிறது. எடுங்கள்.