மைனஸ் தெரியாத கேலிபர்

அந்த ஊரில் ஒரு பொருள் கடைசியாக என்ன அளவென்று வாசிக்கப்பட்டதோ, அந்த அளவில்தான் இருக்கும். வாசித்தவர் நம்பி வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமென்றே பொய்யாக வாசித்தால் பொருள் கண்டுகொள்ளாது. தெரியாமல் தப்பாக வாசித்துவிட்டால் தட்டாமல் கேட்டுக்கொள்ளும். மேட்டுத் தெருவில் ஒருவர் கண்ணாடி போடாமல் தன் வீட்டு நிலைக்கதவை அளந்துவிட்டு, அன்றிலிருந்து பக்கவாட்டில்தான் வீட்டுக்குள் நுழைகிறார். பழகிப்போய், இப்போதெல்லாம் தெருவிலும் பக்கவாட்டில்தான் நடக்கிறார்.

அதனால் அளப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். அளக்கிறவர் முதலில் கருவியின் இரண்டு தாடைகளையும் ஒட்ட மூட வேண்டும். பக்கத்தில் இருப்பவர், "பூஜ்யமா?" என்று கேட்க வேண்டும். பார்த்துவிட்டு, "பூஜ்யம்" என்று பதில் சொன்ன பிறகுதான் பொருளைக் கவ்வலாம். கவ்வி, தெரிகிற எண்ணை உரக்க வாசிக்க வேண்டும். கேட்க ஆளில்லாதவர்கள் எதையும் அளப்பதில்லை. தனிக்கட்டைகளின் வீட்டுச் சாமான்கள் எல்லாம் கடையில் வாங்கிய அளவிலேயே கிடக்கும்.

மருதாசலத்துக்குக் கேட்க ஆள் உண்டு, மனைவி. சாந்தாமணி. மருதாசலம் பம்ப் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர். காலையில் வந்து படுத்தால் தூக்கம் பிடிக்காது. பகல் வெளிச்சம் இமைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுந்து எதையாவது ராவிக்கொண்டிருப்பார். நின்றுபோன கடிகாரத்தைப் பிரிப்பார், மரத்தில் சக்கரம் கடைவார், ஓடாத ஒரு சின்ன எஞ்சினுக்கு எட்டாவது முறையாகப் பிஸ்டன் செய்வார். பொழுது சாய்ந்து கிளம்பும்போது சாந்தாமணி மோதிர விரலைத் திருநீற்றில் தொட்டு அவர் நெற்றியில் ஒரு கோடு இழுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்தக் கோடு இல்லாமல் கம்பெனி கேட்டைத் தாண்டுவதும் சட்டை போடாமல் தாண்டுவதும் அவருக்கு ஒன்று.

ஒரு நாள் கம்பெனியில் கழித்துப் போட்ட எவர்சில்வர் நட்டு ஒன்று கிடைத்தது. அதைக் கடைந்து அவளுக்கு மோதிரமாக்கலாம் என்று தோன்றியது. சந்தையில் பிளாஸ்டிக்கில் ஒரு டிஜிட்டல் கேலிபர், தாடையால் கவ்வினால் அளவைத் திரையில் காட்டுகிற கருவி, வாங்கி வந்தார். சாந்தாமணி கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு விரலை நீட்டினாள்.

"பூஜ்யமா?"

"பூஜ்யம்."

அவர் கவ்வினார். "பூஜ்யம் புள்ளி ஆறு அஞ்சு மில்லி" என்று வாசித்தார்.

பெருவிரல் படுகிற இடத்திலேயே இன்ச் பட்டன் இருந்தது. எப்போதோ அமுங்கி, திரை இன்ச் கணக்குக்கு மாறியிருக்கிறது. பூஜ்யம் இன்ச்சிலும் பூஜ்யம்தான், மில்லியிலும் பூஜ்யம்தான். ஊர் முறையில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அது தாடை வைத்த பித்தளை ஸ்கேல் காலத்து முறை. அப்போது அளவுகளுக்கு ஒரே சாதிதான் இருந்தது.

விரல் நீளம் மாறாமல் நூலாகிவிட்டது. நுனியில் நகம் மட்டும் ஒரு புள்ளி மாதிரி மினுங்கியது.

"மெலிஞ்சு போச்சுங்க" என்றாள் சாந்தாமணி. குக்கர் விசிலடித்தது. அணைக்கப் போனாள்.

மருதாசலம் அப்போதுதான் திரையின் ஓரத்தில் இன்ச் என்று இருப்பதைப் பார்த்தார். அளக்கும்போது பட்டனைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. சேதி தெருவில் பரவியதும் ஆளாளுக்கு வாசலில் வந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்கள். "பட்டனைப் பாக்காமயா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. "படிச்சவரு, பம்ப் கம்பெனில இருக்கறவரு, பட்டனைப் பாக்காமயா?" அவர் மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். விரலைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி பிறந்திருந்தது. கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. சாந்தாமணி துணி காயப்போடப் போனால் விரல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து துடித்தது. அவள் அதை நடுவிரலில் நாலு சுற்றுச் சுற்றி ஒரு கொண்டை ஊசியால் செருகிக்கொண்டாள். பொழுது சாயும்போது ஊசியை எடுத்து, விரலைப் பிரித்து, திருநீற்றில் தொட்டு, அவர் நெற்றியில் இழுப்பாள். முடி அகலத்துக்கு ஒரு கோடு விழும்.

ஒரு சாயங்காலம் அந்தக் கோடு பாதியில் நின்றுவிட்டது.

"என்னாச்சு அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் மடிஞ்சிருச்சு."

அவர் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். விரலின் நடுவில், கம்பியை வளைத்து நிமிர்த்திய மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. கம்பியைப் பற்றி அவருக்குத் தெரியும். அந்த வெள்ளை வந்துவிட்டால் இன்னும் ஒரு வளைவோ இரண்டோதான் தாங்கும். ஊரில் எந்த அளவையும் இன்னொரு அளவால் மாற்றிவிடலாம். ஒடிந்துபோனதை ஒன்றும் செய்ய முடியாது. இல்லாததை எந்தத் தாடையும் கவ்வாது.

மறுநாள் காலையில் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஞானப்பிரகாசத்தின் டூல்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். ஸ்டூலில் ஒரு பம்ப் மெக்கானிக் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது?" என்றார் ஞானப்பிரகாசம்.

"ஒரு கேலிபர் வேணுமுங்க. டிஜிட்டல். வீட்டு வேலைக்குத்தான். வெல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"இப்ப என்ன வெச்சிருக்கறீங்க?"

"சந்தைல வாங்குனது. பிளாஸ்டிக்."

மெக்கானிக்கின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. ஞானப்பிரகாசம் ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எதை அளந்தீங்க?"

"ஊட்ல... அவ வெரலை. நூலாட்டம் போயிருச்சு."

"வெரலு கெடக்குது, உடுங்க. பிளாஸ்டிக்லயா அளந்தீங்க?" ஞானப்பிரகாசத்தின் குரல் உடைந்தது. "பத்து வருசமா என்ற கடைக்கு வர்றீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்ணா?"

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஞானப்பிரகாசம் கண்ணாடி அலமாரியைத் திறந்து வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஜப்பான். உள்ளதை உள்ளபடி சொல்லும். வருசக்கணக்கா பேட்டரி மாத்த வேண்டியதில்ல."

"உள்ளதுன்னா, இப்ப இருக்கறதைத்தான சொல்லும்?"

"ஆமாங்ணா. அவிய வெரலு இப்ப நூலுன்னா நூலுன்னு சொல்லும். அப்பறம் கட்டைல போற வரைக்கும் நூலுதான்."

அடுத்து எவர்சில்வரில் ஒன்று. பெருவிரலால் உருட்டிச் சன்னமாக நகர்த்தச் சக்கரம் இருந்தது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும். ஆழம் பார்க்கும் கம்பி பின்னாலிருந்து நீண்டது. "கம்பியைப் பாத்து நீட்டுங்க. போன மாசம் ஒருத்தரு அடுப்படில தெரியாம நீட்டி, இப்ப அவிய ஊட்டு இட்லிச் சட்டி கெணறாட்டம் இருக்குது. மத்தபடி வீட்டு வேலைக்கு, பொழுதுபோக்குக்கு, இதைவிடத் தோதா வராது. வெலயும் கையைக் கடிக்காது."

"இதும் நெசந்தான் சொல்லுமா?"

"சொல்லும்."

"அப்ப வேண்டாமுங்க. கூட்டிச் சொல்றது ஏதாச்சும் இருக்குதா?"

ஞானப்பிரகாசம் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார். வாங்க வருபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக அதில் வேர்க்கடலை போட்டிருந்தது. சில கடலைகள் கத்தரிக்காய் அளவில் இருந்தன. சில கண்ணுக்குத் தெரியாமல் தட்டில் எங்கோ இருந்தன. அந்தக் கடையில் ஒரு கேலிபர்கூடத் தப்பு என்று இதுவரை நிரூபணம் ஆனதில்லை. ஒவ்வொரு முறையும் கடலைதான் திருத்திக்கொண்டது.

"கூட்டிச் சொல்றது நெறைய இருக்குதுங்ணா. எவ்வளவு கூட்டும்னு அதுக்கே தெரியாது. வெரலு வாழைத்தண்டாயிருச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது."

"வாழைத்தண்டு பரவால்லீங்க" என்றார் மெக்கானிக். "என்ற மச்சான் கட்டைவெரலுக்குத் தனி ரூம் எடுத்திருக்கறோம். வாடகைக்கு."

மருதாசலம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று ஒரு சாக்குப்பையை உருட்டிக்கொண்டு போனது. அவருக்கு அந்த வெள்ளைத் தழும்பு ஞாபகம் வந்தது. முகம் கோணி, சட்டென்று துண்டால் மூடிக்கொண்டார். ஞானப்பிரகாசம் அதைப் பார்த்தார். குனிந்து மேஜையின் அடி அறையைத் துழாவி, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"இது திரும்பி வந்த பீஸுங்ணா. எவர்சில்வர்தான். எல்லாம் நல்லா இருக்குது. மைனஸ் கோடு மட்டும் செத்துப்போச்சு, திரைல தெரியாது. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. பழைய மோதிரம் இருக்குதுங்களா?"

"இருக்குது. ஜன்னல்ல."

"அதுக்குள்ள, மேல இருக்கற சின்னத் தாடை ரெண்டையும் உட்டு, விரிச்சுப் புடிங்க. வாசிச்சுராதீங்க. பூஜ்யம் பட்டனை மட்டும் ஒரு அமுக்கு. இனி மோதிரத்தோட அளவுதான் இதுக்குப் பூஜ்யம். அப்பறம் கீழ்த் தாடைல வெரலைக் கவ்வுங்க. மோதிரத்துக்கு வெரலு எவ்வளவு கொறையுதோ அதைக் காட்டும். இப்ப நூலுங்கறதால, கொறையறது கிட்டத்தட்ட பழைய வெரலளவு. மைனஸ்லதான் காட்டோணும். கோடு செத்துப்போனதால நம்பரு மட்டும் நிக்கும். கண்ணுல பட்டதை வாசிக்கறீங்க. பொய் இல்லியே?"

மருதாசலம் யோசித்துப் பார்த்தார். பொய் இல்லைதான். திரையில் இல்லாததை வாசிக்கச் சொல்லி ஊரில் யாரும் கேட்பதில்லை.

"எம்பட பேரைச் சொல்லாதீங்க" என்றார் ஞானப்பிரகாசம், காசை வாங்கிக்கொண்டு. மிச்சமாக ஒரு பெரிய கடலையையும் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேலிபரை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அழுக்குக் கையோடு அதைத் தொட மனம் வரவில்லை. குளித்துவிட்டு வந்து, எல்லா ஜன்னல்களையும் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைத் திணித்தார். மோதிரத்துக்குள் மேல் தாடையை விட்டு விரித்து, வாயை இறுக மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார். திரையில் பூஜ்யம் வந்தது. தாடைகளை மூடினால் அது போய்விடும் என்று விரித்தபடியே பிடித்துக்கொண்டார். சாந்தாமணி கொண்டை ஊசியை உருவி, விரலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, மேஜைமேல் நீட்டி வைத்தாள்.

"பூஜ்யமா?"

"பூஜ்யம்."

"மில்லியா?" என்றாள். அந்த ஊரில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

"மில்லி" என்றார்.

தாடைகளை ஒட்டக் கொண்டுவந்தார். விரலின் வெள்ளைத் தழும்பு இரண்டு தாடைகளுக்கும் நடுவில் நடுங்கியது. எங்கிருந்தோ காற்று புகுந்து காலண்டரை அடித்தது. திரையைப் பார்த்தார். எண் வந்திருந்தது. எண்ணுக்கு முன்னால் கருகருவென்று ஒரு சின்னக் கோடு நின்றது.

"சாந்தா... இந்தக் கோடு எப்படி வந்துச்சு?"

"நீங்க குளிக்கப் போனப்ப பாத்தனுங்க. திரை மங்கலா மின்னிட்டிருந்துச்சு. பேட்டரி எறங்குனா தப்பு வருமேன்னு அந்தப் பிளாஸ்டிக்குல இருந்ததைக் கழட்டி இதுல போட்டுட்டேன். இப்ப பளிச்சுனு இருக்குது பாருங்க."

பளிச்சென்றுதான் இருந்தது. மருதாசலம் கண்ணை மூடினார். மூடிய பிறகும் கோடு தெரிந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பொய்யை விரல் கேட்காது. தாடையைத் திறக்கலாம் என்றால், தழும்பு இருந்த இடத்தில் ஒரு இழைதான் மிச்சம் இருந்தது. தாடைகள்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. விட்டால் போய்விடும்.

"வாசிங்க மாமா. கை கடுக்குது."

அவர் வாசித்தார். "மைனஸ் பதினாறு புள்ளி அஞ்சு அஞ்சு மில்லி."

விரல் மறுபக்கமாகிவிட்டது. நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில், காற்று ஒரு விரலளவுக்கு உள்வாங்கியிருந்தது. அதன் கோடியில் நகம் உள்ளிருந்து தெரிந்தது. தழும்பு இல்லை. சாந்தாமணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோதிரத்தை எடுத்து மாட்டினாள். அது உள்ளே போய் உட்கார்ந்தது. உதறிப் பார்த்தாள். விழவில்லை. விழுவதற்கு அந்தப் பக்கம் வெளியே என்று ஒன்று இல்லை.

"முன்னைக்கு இப்பத்தான் கெட்டியா நிக்குது" என்றாள்.

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். ஆடிக் காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது. விரலுக்குள் கொஞ்சம் போய், லேசாக ஒரு விசில் சத்தத்தோடு திரும்பிப் போனது. மருதாசலம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் கேலிபர் இன்னும் அணைக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்தார். பதறிப்போய் எடுத்து அணைத்தார். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தார்.

பொழுது சாய்ந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு சாமி படத்தின் முன்னால் வந்து நின்றார். சாந்தாமணி திருநீற்றுத் தட்டில் விரலைத் தொட்டாள். தொட்ட இடத்தில் குழி விழாமல் திருநீறு சின்ன மேடாக எழும்பியது. அவர் நெற்றிக்கு நேராகக் கையைத் தூக்கி ஒரு கோடு இழுத்தாள். நெற்றியில் ஒன்றும் படவில்லை. பிடரியில், காதிலிருந்து காது வரை, சில்லென்று ஒரு திருநீற்றுக் கோடு ஓடியது.

"டிபன் பாக்ஸை மறந்துராதீங்க" என்றாள்.

அவர் சைக்கிளை மிதித்துக் கம்பெனிக்குப் போனார். கேட்டில் கைரேகை வைக்க வரிசை நின்றது. அவரும் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வந்து நின்ற ஆள், அவர் பிடரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.