டிரம் கேட்ட பெருமூச்சு

மயில்சாமியின் டிரம் மூச்சு விடுவதை நிறுத்தினால் மாடிப்படி நீள ஆரம்பித்துவிடும். அந்த அடுக்ககத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. லிஃப்ட் கெட்டுப்போனால் எவ்வளவு அலட்டிக்கொள்வார்களோ அவ்வளவுதான் இதற்கும்.

மொட்டைமாடியில் நின்ற அந்த டிரம்மில் இருந்தது கம்போஸ்ட் டீ. டீ என்று பேர்தான், குடிப்பது கத்தரிச்செடி. மக்கின உரத்தைத் துணியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, துளி வெல்லம் கரைத்து, மீன்தொட்டி மோட்டாரால் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் உள்ளேயிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் திணறும். அப்புறம் அழுகின முட்டை நாற்றம்தான்.

நாறினால் குடியிருப்போர் சங்கத்தின் விதி எளிமையானது. வீடு டிரம்முக்கு, குடும்பம் மொட்டைமாடிக்கு. தன் டிரம்மை நாறவிட்ட இரண்டாம் மாடிக்காரர் இப்போது குடும்பத்தோடு தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் குடியிருக்கிறார். அவர் வீட்டில் டிரம் சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறது.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. சங்கச் செயலாளர் சற்குணம் சாயங்காலம் மோந்து பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

மயில்சாமி பதறவில்லை. பாவம், பசியோடு இருக்கும் என்று ஒரு முழு அச்சு வெல்லத்தைப் போட்டு, ஊறுகாய் ஜாடி மாதிரி இறுக்கி மூடினார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்த சரித்திரமே இந்த மனிதருக்குக் கிடையாது. வெல்லத்தைத் தின்ற உயிர்கள் பல்கிப் பெருகி, இருந்த கொஞ்சக் காற்றையும் இழுத்துத் தீர்த்தன.

மனைவி பூங்கோதை துணி எடுக்க மேலே வந்தாள். வந்து சேர வெகுநேரம் ஆனது.

"ஏனுங்க, படி நீண்டுட்டே போகுது. மோட்டார் நின்னுருச்சா?"

"கரண்ட் இல்ல. நானே ஊதறேன்."

மூடியைத் திறந்து, டியூபை வாயில் வைத்து ஊதினார். டிரம் நுரையை அவர் சட்டையிலேயே துப்பியது. பூங்கோதை டிரம்மில் காதை வைத்துக் கேட்டாள்.

"உங்க மூச்சு வேண்டாங்குதுங்க."

"ஏன், என் மூச்சுக்கு என்ன கேடு?"

"மேலோட்டமா இருக்குதாமா. அடியிலிருந்து வரோணுமாமா. பெருமூச்சுன்னா வாங்கிக்குமாமா."

மயில்சாமி பெருமூச்சு விட முயன்றார். கொட்டாவிதான் வந்தது. நினைத்ததெல்லாம் நடந்த மனிதருக்குப் பெருமூச்சு எங்கிருந்து வரும்? நாற்றம் லேசாகக் கிளம்பியது. கீழே அவர் வீட்டு வாசல் நிலையில் யாரோ டிரம் குடிபுக மாவிலை கட்ட ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"இப்படிக் குடுங்க," என்று பூங்கோதை டியூபை வாங்கினாள்.

முதல் பெருமூச்சில் டிரம் அடிவரை கலங்கியது.

"இது, சொல்லாம கொள்ளாம ஒரு கூட்டத்தையே சோத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னைக்கு வுட வேண்டியது."

அடுத்தது இன்னும் ஆழம்.

"இது, டீச்சர் வேலைக்கு நான் வரலைன்னு நீங்களே போய் பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு வந்தது."

மயில்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"குறுக்க பேசாதீங்க. குமிழி நின்னுரும்."

அவள் அவசரப்படவில்லை. கடைசியாக விட்டது வெகு நீளமானது.

"எங்கம்மா சாகக் கெடந்தப்ப, பொழுதோட பஸ்ஸுக்குத் திரும்பிறோணும்னீங்க."

குமிழிகள் பொடிப்பொடியாக எழும்பின. புதுமழை விழுந்த மண்வாசனை மாடி முழுக்கப் பரவியது. படிகள் மளமளவென்று சுருங்கின. சற்குணம் உடனே வந்துவிட்டார். மோந்தார்.

"மழை பேஞ்சுதுங்களாக்கா?"

"இல்லீங்க. காத்துதான்."

அவர் திருப்தியாகப் போனார். கரண்டும் வந்தது. மோட்டார் ஓடியது. ஆனால் டிரம் மோட்டார் காற்றை உள்ளே விடவில்லை.

பூங்கோதையின் முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது. டியூபை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்டத் தீந்துருச்சுங்க."

"அப்ப இனிமே இதுக்கு?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

கொடியிலிருந்து தன் சேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். படிகள் குறைவாக இருந்ததால் சீக்கிரமே கீழே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் குமிழிகள் நின்றன. படிகள் மறுபடி நீண்டன. "பூங்கோத!" என்று மயில்சாமி கூப்பிட்டார். குரல் இறங்கிப்போய்ப் பாதிப் படியில் நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். தெருவில் அவள் ஒரு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, பையோடு ஏறினாள். மேலே பார்க்கவில்லை. கொடியில் அவருடைய வேட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மயில்சாமி டியூபை வாயில் வைத்தார். நெஞ்சின் அடியில் எங்கோ ஒன்று அசைந்து மேலே வந்தது.

டிரம்மில் ஒரு குமிழி எழுந்தது.