மூன்று வரி அறிக்கை

பதினெட்டு வருஷ சர்வீசில் முத்துச்சாமி ஏட்டு மூன்று வரிக்கு மேல் எழுதியதில்லை. தனிப்பிரிவு ஏட்டுக்குச் சீருடை கிடையாது, லத்தி கிடையாது. ஊரில் எவன் மேடை போட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, என்ன பேசினான் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதற்கே அவர் பெரிதாக மெனக்கெட்டதில்லை. 'இன்னார் இன்ன இடத்தில் கூட்டம் நடத்தினார். அரசுக்கு விரோதமாகப் பேசினார். கூட்டம் அமைதியாகக் கலைந்தது.' விலைவாசிக் கூட்டமோ தண்ணீர்க் கூட்டமோ, பேரையும் தேதியையும் மாற்றினால் சோலி முடிந்தது. மேலே இருப்பவர்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. நீட்டி எழுதினால் யார் உட்கார்ந்து படிப்பது?

அப்படி எழுதிய மூன்று வரிதான் அச்சக பாக்கியராஜை உள்ளே தள்ளியது.

வத்தலக்குண்டு ரோட்டில் ஆவாரங்குளத்தில் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிக் கார்டும் அடித்துப் பிழைத்த மனுஷன் பாக்கியராஜ். வாசகர் வட்டம் என்று ஒன்றை வைத்து மாதாமாதம் இருபது பேரைக் கூட்டிப் பேசுவார். 2002 மார்ச்சில் மாநிலங்களின் உரிமை பற்றி ஒரு கூட்டம் போட்டார். முத்துச்சாமி அந்தப் பக்கமே போகவில்லை. அன்றைக்குப் பழனியில் அக்கா பேரனுக்கு மொட்டை. சாயங்காலம் நெற்றி நிறைய விபூதியோடு பஸ்ஸை விட்டு இறங்கியவர், மைக் செட்காரனைப் பிடித்து என்னப்பா பேசினார்கள் என்று கேட்டார். தனிநாடு கினிநாடு என்று ஏதோ காதில் விழுந்ததாக அவன் சொன்னான். ஏட்டு ஸ்டேஷனுக்குப் போய், 'தமிழ்நாடு தனிநாடாகப் பிரிய வேண்டும் என்று மக்களைத் தூண்டிப் பேசினார்' என்று நடுவரியை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பஞ்சாமிர்தம் தின்றார். அந்த வருஷம் காற்று வேறு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள், ஜாமீன் கிடைக்காத பிரிவில் பாக்கியராஜைத் தூக்கிவிட்டார்கள். ஏட்டுதான் முதல் சாட்சி.

ஏழு மாதம் ஓடிவிட்டது. ஆள் வெளியே வரவில்லை. மனைவி இன்னாசியம்மாள் அச்சு மிஷினையும் பார்த்துக்கொண்டு, வாராவாரம் ஜெயிலுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள்.

அக்டோபரில் வாசகர் வட்டத்து ஆட்களுக்கு ரோஷம் வந்தது. பாக்கியராஜ் பேசியது குற்றமா இல்லையா என்பதை ஊரே கேட்கட்டும் என்று ஒரு பட்டிமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். 'மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்து போகலாமா, கூடாதா?' கேட்ட மறுநாளே அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். முத்துச்சாமிக்குத்தான் விஷயம் தெரியும். யார் யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மேலிடம் அனுமதி கொடுத்திருந்தது. ஏட்டோடு மேலிடத்து ஆள் ஒருவரும் எழுத வருவார் என்றும், இரண்டு அறிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்றும் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நோட்டோடு முத்துச்சாமி. கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள், மடியில் டைரி. யாரும் யாரோடும் கலகலப்பாகப் பேசவில்லை. இன்னாசியம்மாள் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார ஊரில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

'கூடாது' என்று முதலில் பேசியவர் ஸ்டான்லி வாத்தியார். நல்ல பேச்சுக்காரர். ஒட்டன்சத்திரத்துத் தக்காளி விடிவதற்குள் கேரளாவுக்குப் போய்ச் சேருகிறதே, நடுவில் எல்லை போட்டுப் பாஸ்போர்ட் கேட்டால் தக்காளி தாங்குமா என்றார். காவிரியில் தண்ணீர் வரவில்லை என்று இன்றைக்கு ஒரு கோர்ட்டில் போய் நிற்கிறோம், பிரிந்து போனால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது என்றார். பிரிந்த நாடுகளில் பிரிந்த அன்றைக்குச் செத்தவர்கள் எத்தனை லட்சம் என்று எண்ணிப் பாருங்கள் என்று முடித்தபோது மண்டபம் கை தட்டியது. பயமில்லாமல் தட்டக்கூடிய கை அது ஒன்றுதான்.

எதிர்ப்பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டும் காலி. ஒருவருக்குக் காய்ச்சலாம். இன்னொருவர் வீட்டில் போனையே எடுக்கவில்லையாம். நடுவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, 'போகலாம்' என்று பேச யாராவது உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், கூட்டத்தை முடித்து எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேரலாம் என்பது அவர் கணக்கு. முத்துச்சாமியும் பேனாவை மூடினார்.

பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி எழுந்து மேடைக்குப் போனாள். அவர் மகள் அறிவுச்செல்வி.

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. கூட்டுக்காரிகளோடு வேடிக்கை பார்க்க வந்தவள். தாயில்லாப் பிள்ளை, ஆறு வருஷமாக ஒற்றை ஆளாக நின்று வளர்த்த பிள்ளை. இறங்கு ஆத்தா, இறங்கிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டாள். பின்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் டைரியைத் திறந்தார். பாக்கியராஜ் போன வழி ஏட்டின் கண்முன்னே வந்து நின்றது.

"எனக்கே இதுல முடிவு தெரியாது," என்றுதான் ஆரம்பித்தாள். "ஒரு பக்கம் காலியா இருந்தா அது பட்டிமன்றம் இல்ல. அதுக்காகத்தான் வந்தேன்."

முத்துச்சாமி எழுத ஆரம்பித்தார். எந்த வார்த்தை அவளைக் கவிழ்க்கும், எந்த வார்த்தை காப்பாற்றும் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றையும் விடப் பயந்தார். வாத்தியாரின் தக்காளிக்கு அவள் சொன்ன பதிலை எழுதினார்: லாரி கொடியைப் பார்த்துப் போகவில்லை, விலையைப் பார்த்துப் போகிறது, நாடு விட்டு நாடு சரக்கு போகத்தானே செய்கிறது. காவிரிக்குச் சொன்னதையும் எழுதினார்: சேர்ந்தே இருந்தும் தண்ணீர் வரவில்லை, ஆனால் பிரிந்தால் கேட்பதற்கு ஓர் இடம்கூட இருக்காது என்று வாத்தியார் சொல்வது சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். அவள் இருமியதைத் தவிர எல்லாவற்றையும் எழுதினார். எழுதி எழுதி மணிக்கட்டு வலித்தது. பதினெட்டு வருஷத்தில் ஒருத்தர் பேசுவதை முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் போகச் சொல்லல," என்றாள் அறிவுச்செல்வி. "உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தா அது வீடு. வெளிப்பக்கம் பூட்டியிருந்தா அதுக்குப் பேரு வேற. போற உரிமை இருக்கணும். போகாம இருக்குறதுக்கு ஒரு காரணமும் இருக்கணும். அந்தக் காரணத்தை டில்லி தினமும் காட்டணும்."

இன்னாசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கை தட்டினால் பேரை எழுதிவிடுவார்களோ என்று அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் தட்டியது ஸ்டான்லி வாத்தியார்தான். நடுவர் அவசர அவசரமாகக் 'கூடாது' என்ற பக்கத்துக்கே தீர்ப்பு சொல்லிவிட்டு இறங்கினார்.

முத்துச்சாமி திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் எப்போதோ டைரியை மூடிவிட்டார். அதில் எத்தனை வரி இருக்கும் என்று ஏட்டுக்குப் பார்க்காமலே தெரியும்.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் இரண்டு அறிக்கையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று மூன்றே வரி. அதில் அறிவுச்செல்வி என்ற மாணவி நாட்டுப் பிரிவினையைத் தூண்டிப் பேசினார் என்று இருந்தது. மற்றது பதினோரு பக்கம். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஏட்டைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையாகத்தான் பேசுவார். அந்த மரியாதைதான் முத்துச்சாமிக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது.

"ஏட்டையா, ஒங்க மகதான்னு எனக்குத் தெரியும். இந்தப் பதினோரு பக்கத்தை வச்சுப் பாத்தா பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நான் இதையே மேல அனுப்புறேன். ஏட்டு எழுதினா அச்சு மாதிரி இருக்கும், தைரியமா நம்பலாம்னு குறிப்பும் போடுறேன். ஆனா வியாழக்கிழமை பாக்கியராஜ் கேஸு. அங்க கூண்டுல ஏறி, நீங்க முன்னாடி எழுதினது நெசம்னு நிக்கணும். அங்க தடுமாறினா இந்தப் பதினோரு பக்கமும் குப்பை. அப்புறம் மிஞ்சுறது அந்த மேலிடத்து ஆளோட மூணு வரிதான். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

முத்துச்சாமி சரிங்கய்யா என்றார். வேறு என்ன சொல்வார்? மார்ச்சில் அவர் எங்கே இருந்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் ஓர் அர்த்தம் இருந்தது.

வீட்டில் அறிவுச்செல்வி காத்திருந்தாள். முழுசாக எழுதினீர்களா என்று கேட்டாள். அவர் கார்பன் பிரதியை நீட்டினார். நின்றபடியே பதினோரு பக்கத்தையும் படித்தாள். படித்து முடித்தவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஒரு வார்த்தை விடவில்லையே அப்பா, வாத்தியார் சொன்னது சரி என்று நான் ஒத்துக்கொண்டதைக்கூட எழுதியிருக்கிறீர்களே என்றாள். மறுநாள் காலேஜ் பஸ்ஸில் கூட்டுக்காரிகளிடம் சொன்னாள். அவர்கள் வீட்டில் சொன்னார்கள். ஏட்டு எழுதினால் உள்ளதை உள்ளபடி எழுதுவார் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். முத்துச்சாமிக்கு டீ இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில் இன்னாசியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விரல் நகத்தில் அச்சு மை இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அறிவுச்செல்வி காப்பி போட அடுப்படிக்குள் போனாள்.

"அண்ணே, ஏழு மாசமா ஒங்களத் திட்டாத நாளில்ல," என்றாள் இன்னாசியம்மாள். "அவரு அப்படிப் பேசவே இல்லன்னு என்கிட்ட பைபிள் மேல கை வச்சுச் சொன்னாரு. நான் அன்னைக்கு மிஷின்ல நின்னேன், கூட்டத்துக்குப் போகல. அவரு சொன்னத நம்பினேன். இப்ப ஊரே சொல்லுது, பாப்பா பேசினத நீங்க ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கீகன்னு. அப்படி எழுதுற மனுசன் எங்க வீட்டுக்காரரு விசயத்துல மட்டும் பொய் எழுதுவாரா? நேத்துலருந்து இதே நெனப்பு. அவரு என்கிட்டயே பொய் சொல்லிட்டாரா அண்ணே? அத மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் கோர்ட்டுல அவரு மொகத்த நான் பாக்கணும்."

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரே சொல். நாளைக்குக் கூண்டில் ஏறிச் சொல்லப்போகிற பொய்யை இன்றைக்கு நடுவீட்டில் நின்று சொல்வதில் என்ன கஷ்டம்? முத்துச்சாமி வாயைத் திறந்தார். அடுப்படி வாசலில் அறிவுச்செல்வி டம்ளரோடு நின்றாள். அவளும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாள். கொஞ்சம் சிரித்த முகமாகக்கூட இருந்தாள். அப்பா எழுதியதில் தப்பு இருக்காது என்பது அவளுக்குத் தெரியுமே. அந்த முகத்தைப் பார்த்ததும் முத்துச்சாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் சட்டையை யாரோ நடுத்தெருவில் உருவியது மாதிரி வெட்கமாக இருந்தது.

"அவரு பொய் சொல்லலம்மா," என்றார். "அவரு என்ன பேசினாருன்னே எனக்குத் தெரியாது. நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்ல."

இன்னாசியம்மாள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்போதுதான் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் வந்தது துக்கமா நிம்மதியா என்று ஏட்டால் சொல்ல முடியவில்லை. பிறகு நிமிர்ந்து, இதை நாளைக்கு அங்கே சொல்வீர்களா என்று கேட்டாள்.

முத்துச்சாமி மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். "அங்க சொன்னா, இந்தப் பதினோரு பக்கத்த ஒருத்தனும் நம்ப மாட்டான். அந்த ஆளு எழுதின மூணு வரிதான் நிக்கும். இவளத் தூக்கிருவாங்க. இவளுக்கும் ஜாமீன் கெடையாது."

இன்னாசியம்மாள் அறிவுச்செல்வியை ஏறிட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. இன்னாசியம்மாள் எழுந்தாள். ஜெயில் வாசல் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனுஷி அவள். அங்கே இன்னொரு பிள்ளையை அனுப்பு என்று எப்படிக் கேட்பாள்? வாசலுக்கு நடந்தாள்.

"அக்கா, நில்லுங்க," என்றாள் அறிவுச்செல்வி. டம்ளரைத் தரையில் வைத்தாள். முகத்தில் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. "கேஸு எத்தன மணிக்கு?"

பத்தரைக்கு என்றாள் இன்னாசியம்மாள்.

"அப்ப எட்டு மணி பஸ்ஸுல போயிருவோம்."

முத்துச்சாமி பதறிப்போய், நீ வரவேண்டாம் தாயி, நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லப்பா, நானும் வாரேன். நீங்க நடுவுல எறங்கிரக் கூடாது."