நாலு வீட்டுக்குத் தண்ணீர்

ஜெபஷீலாவுக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. போடி கடைத்தெருவில் வளையல் வியாபாரம்; திருச்சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். குடிநீர் வரி கட்ட முடியாதவர்களுக்காகச் சங்கம் திரட்டிய பணம் அவள் கைப்பையில் இருந்தது. ஒரு வீட்டுப் பாக்கிக்குத்தான் காணும். ஏலக்காய் தரம் பிரிக்கும் ராக்கம்மாள் வீட்டுக்கென்று முடிவாகியிருந்தது. மதியத்துக்குள் கட்டாவிட்டால் நகராட்சிக்காரர்கள் அவள் குழாயைத் துண்டித்துவிடுவார்கள்.

கடையை அடைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ராக்கம்மாள் வாசலில் காலிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"எனக்கு மட்டும்னா வேணாம் தாயி."

"அக்கா, வீம்பு பண்ற நேரமா இது?"

"வீம்பில்ல. இந்தக் குடமெல்லாம் யாருதுன்னு நெனைச்சீக? பக்கத்து மூணு வீட்டுக் குழாயையும் போன மாசமே அறுத்துட்டுப் போயிட்டாக. எல்லாரும் எங்கிட்டத்தான் பிடிக்கிறாக. தண்ணி வாரதே கொஞ்ச நேரம். தினமும் சண்டை. எம் பாக்கிய மட்டும் நீங்க கட்டுனா, அவுக மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

கொடுக்க வந்த கையைத் தட்டிவிடுகிறாளே என்று ஜெபஷீலாவுக்குச் சுள்ளென்று வந்தது. அதற்குள் ஃபிட்டர் சுருளிவேல் பைக்கில் வந்து இறங்கிவிட்டார், கையில் குழாய் கழற்றும் ரெஞ்சோடு. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி தன் குடத்தை மெல்ல ஓரமாக இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ஜெபஷீலாவின் கோபம் எங்கோ போயிற்று.

"அண்ணே, செத்தப் பொறுங்க. ஆபீஸ்ல இருந்து போன் வரும்."

"வரலேன்னா அறுத்துருவேம்மா."

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவள் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

ஆபீசில் வரி அதிகாரி சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார்.

"சார், இத நாலு வீட்டுக்கும் முதல் தவணையா வரவு வச்சுக்கோங்க. மீதிய மாசாமாசம் கட்டிருவோம்."

"யாரும்மா பொறுப்பு?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது: சங்கத்தில் யாரையும் கேட்கவில்லை. அவர் மேலதிகாரி அறைக்குள் போனார். அவள் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

திரும்பி வந்தவர், "ஒரு தவணை தவறினாலும் நாலு குழாயும் போயிரும், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, சுருளிவேலுக்குப் போன் போட்டார்.

அவள் ஆபீஸ் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் ராக்கம்மாள் போனில் அழைத்துவிட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"தாயி, மூணு வீட்டுக்கும் திரும்ப மாட்டிக் குடுக்கப் போறாகளாம்! ஏலக்காய் சீசன் வரட்டும், நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடுறோம்."

ஜெபஷீலா சிரித்தாள். ஆனால் போனை வைத்ததும் பழைய படபடப்பு வந்து ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போகக் கால் வரவில்லை. அங்கேயே நின்று சங்கத் தலைவி இவாஞ்சலினை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாரக் கேட்டு வாக்குக் குடுத்த?"

"யாரையும் கேக்கலக்கா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி," என்றார் இவாஞ்சலின் கடைசியில். "ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு எல்லாரையும் இருக்கச் சொல்லு. மாசத் தவணைக்கு நீயே எந்திரிச்சு நின்னு கேளு."